அந்த ஒன்றரை வருஷம்

“ஒரே லேத் மெஷின், ஒரே ஷிஃப்ட். தேசோப்புக்கு மட்டும் ஏன் சார் ரெண்டு இன்கிரிமென்ட் கூட?” என்று கேட்டாள் வோன்ஹீ.

கொரியாவின் சாங்வொன் நகர உதிரிபாகத் தொழிற்சாலையின் மேலாளர் பாங், காபியை உறிஞ்சினார். “அவன் ஆம்பளைம்மா. நாட்டுக்காக ஒன்றரை வருஷம் பட்டாளத்துல கிடந்தான். அதுக்குத்தான் அந்த ரெண்டும். பொம்பளைங்களுக்கு அந்தக் கஷ்டம் எங்க தெரியப்போகுது?”

வோன்ஹீ கொண்டுவந்த உறையை மேசைமேல் வைத்தாள். பாங் பிரித்தார். அவள் பெயரில் ராணுவச் சான்றிதழ். நாலு வருஷ சேவை.

இரண்டாம் முறையும் படித்துவிட்டுத் தொண்டையைச் செருமினார்.

“அவனைக் கட்டாயமா இழுத்துட்டுப் போனாங்க. அது தியாகம். நீ ஆசைப்பட்டுப் போன, சம்பளம் வாங்கின. அது உத்தியோகம்.”

“அப்ப அதை அனுபவமாவது கணக்குல வைங்க சார்.”

“லேத் ஓட்டறதுக்குத் துப்பாக்கி பிடிச்ச அனுபவம் எதுக்கும்மா?”

“அவனுக்கு மட்டும் எதுக்கு சார்?”

பாங் உறையை அவள் பக்கம் தள்ளினார். “டீ டைம் முடிஞ்சிருச்சு. போய் மெஷினைப் பாரு.”

அவள் திரும்பி வருவதைப் பார்த்ததும், தேசோப் வழக்கம்போல விறைப்பாக எழுந்து நின்றான். பக்கத்து மெஷின்காரர் சிரித்தார்.

“அக்காவைக் கண்டா மட்டும் ஏண்டா இப்படி விறைச்சுக்கிற?”

“பழக்கதோஷம்ணே. அந்த ஒன்றரை வருஷத்துக்கு என்னைத் தயார் பண்ணி அனுப்பின சார்ஜென்டே இவங்கதான்.”

வோன்ஹீ உறையை மடித்துப் பையில் வைத்துவிட்டு, மெஷினைப் போட்டாள்.