பலகையில் முதல் பெயர்

"உலகத்துல ஒழுக்கம் எங்க அழிஞ்சாலும் நம்ம வெங்கடாத்ரி நகர்ல மட்டும் அழியாது" என்று கூட்டத்தைத் தொடங்கிய தலைவர் நாராயணப்பன், அதோடு நிறுத்திவிட்டு பாத்ரூமுக்குப் போய்விட்டு வந்தார். சர்க்கரை வியாதி.

ஓசூரில் மூக்கண்டப்பள்ளியை ஒட்டிய அந்தக் குடியிருப்பின் நலச்சங்கக் கூட்டம் அவர் வீட்டு கார் ஷெட்டில்தான் நடக்கும். என்ன வெயிலானாலும் அவர் தோளில் ஜரிகைப் பொன்னாடை இருக்கும். பெங்களூரில் ஏதோ ஒரு சங்கம் 'ஒழுக்கக் காவலர்' என்று பட்டம் கொடுத்துப் போர்த்தியது. பட்டம் வந்த பிறகு அவர் சும்மா இருக்க முடியவில்லை. பலகை யோசனை வந்தது.

"பாலியல் குற்றவாளிங்க பட்டியல் ஒண்ணு கவர்மென்ட் வெச்சிருக்குது. ஆனா போலீஸ் மட்டுந்தான் பாக்கலாமாம். அமெரிக்காவுல எங்க பையன் சொல்றான், எந்த வூட்ல எவன் இருக்கான்னு போன்லயே பாத்துக்கலாமாம். நாம சொந்தமா ஒண்ணு வெப்போம்."

வைத்தார்கள். நுழைவாயிலில் ஆளுயரப் பலகை. 'எச்சரிக்கை: இந்நகரில் வசிக்கும் பாலியல் குற்றவாளிகள்' என்று சிவப்பில் தலைப்பு. அதற்குக் கீழே வெறும் வெள்ளை. குடித்தனக்காரர்கள் ஒவ்வொருவராகப் போலீஸ் நன்னடத்தைச் சான்று கொண்டுவந்து கொடுத்தார்கள். வந்ததெல்லாம் சுத்தம். சிப்காட் வேலைக்குப் போகிற பையன்கள் பலகைக்குக் கீழே நின்று செல்ஃபி எடுத்தார்கள். பால்காரர் தினமும், "என்னுங்க சார், இன்னும் ஒருத்தருமே அமையலீங்களா?" என்று கல்யாணத் தரகரைக் கேட்பதுபோலக் கேட்டார்.

இன்றைக்குத்தான் தலைவர் முகத்தில் களை வந்திருந்தது. ஒருவர் அமைந்துவிட்டார்.

சமியுல்லா. கடைசி வரிசையில் வாடகைக்கு இருப்பவர், சொந்தமாக ஒரு டாக்சி ஓட்டுகிறவர். நகரில் பிரசவம், கல்யாணம், ஏர்போர்ட், எதுவானாலும் அவர் வண்டிதான். கடைசியாக வந்த அவர் சான்றில் மட்டும் ஒரு வரி இருந்தது. கர்நாடகத்தில் பொது இடத்தில் ஆபாசச் செயல். குற்றத்தை ஒப்புக்கொண்டு அபராதம் கட்டியிருக்கிறார்.

"சார், தனியா ஒரு வார்த்தை பேசணுங்க" என்றார் சமியுல்லா.

"தனியாங்கற பேச்சே இங்க கெடையாது பாய். எல்லாமே வெளிப்படை."

"அப்ப இங்கயே சொல்லிடறேங்க. அன்னிக்கு நடந்தது என்னன்னா..."

"விவரம் வேணாம். பொம்பளைங்க இருக்காங்க."

"பொம்பளைங்க நாங்கதான் சார் கேக்கறோம்" என்றாள் சங்கச் செயலாளர் சுகுணா. "என் பொண்ணு தெனமும் இவரு வண்டியிலதான் ஸ்கூலுக்குப் போறா. என்ன பண்ணாருன்னு தெரிய வேணாமா?"

"செக்‌ஷன் தெரிஞ்சாப் போதும்மா. கதை கேட்டா எரக்கம் வரும். எரக்கம் வந்தா பலகை காலியாவே நிக்கும்."

ஓரமாக உட்கார்ந்திருந்த பெயின்டர் மூர்த்தி டப்பாவைத் திறந்தார். "பேரு இனிஷியலோட எழுதணுங்களா?"

"சார், என் பொண்ணு பன்னெண்டாவது படிக்குது" என்றார் சமியுல்லா. "அந்தப் பலகையத் தாண்டித்தான் பரீட்சைக்குப் போவணும். அதுல என் பேரப் பாத்துட்டு ஓசூர்ல இனிமே எவன் எங்களுக்கு வூடு குடுப்பான்?"

தலைவர் இதற்கும் ஒரு பதில் வைத்திருந்தார். ஆனால் அதற்கு முன் அவசரமாக எழுந்து பாத்ரூமுக்குப் போக வேண்டியிருந்தது.

சுகுணா நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டாள். "அவரு வர்றதுக்குள்ள சொல்லுங்க பாய். என்ன பண்ணீங்க?"

"நான் ஒண்ணும் பண்ணலீங்க மேடம். மறைப்பு பிடிச்சுட்டு நின்னேன்."

"மறைப்பா?"

"போன வருஷம் ஒரு பெங்களூர் சவாரி. திரும்பி வர்றப்ப அத்திப்பள்ளிகிட்ட டிராஃபிக் ஜாம். வண்டியில இருந்தவருக்கு அடக்க முடியல. ஒரு காம்பவுண்டு சொவரு தெரிஞ்சுது, ஒதுங்குனோம். அந்தப் பக்கம் லேடீஸ் ஹாஸ்டலுன்னு எங்களுக்கு எப்படித் தெரியும்? மாடியில இருந்து சத்தம் போட்டாங்க. போலீஸ் வர்றதுக்குள்ள அவர வண்டிக்குள்ள உக்கார வெச்சுட்டேன். யாருன்னு கேட்டாங்க. நான்தான்னுட்டேன்."

"ஏன் பாய்?"

"நாலு பேரு மதிக்கற மனுசருங்க. மாலையெல்லாம் போட்டு அனுப்பிருந்தாங்க. பேசி முடிச்சாச்சுன்னு அவருகிட்ட சொல்லிட்டேன். கேஸ் ஆனது அவருக்கு இன்னிக்கு வரைக்கும் தெரியாது."

"நல்ல மனுசன் போங்க. யாரு அவரு? வந்து ஒரு வார்த்தை சொன்னா முடிஞ்சுதே."

சமியுல்லா வாயைத் திறப்பதற்குள் பாத்ரூம் கதவு திறந்தது. தலைவர் பொன்னாடையைச் சரிசெய்துகொண்டே வந்து உட்கார்ந்தார்.

"இன்னும் என்ன பேச்சு? மூர்த்தி, எழுதுப்பா."

"ஒரு நிமிஷம் சார்" என்றாள் சுகுணா. "எதைப் பிடிச்சு மறைச்சீங்க பாய்? துண்டா?"

"துண்டு இல்லீங்க மேடம். அவரு தோள்ல கெடந்தது." சமியுல்லாவின் பார்வை மெதுவாக எழுந்து தலைவரின் தோளில் போய் நின்றது. "ஜரிகை போட்டது."

காலி டீ டம்ளர்களைத் தட்டில் அடுக்கிக்கொண்டிருந்த தலைவரின் மனைவி சரோஜம்மாளும் நிமிர்ந்து அந்தப் பொன்னாடையைப் பார்த்தாள்.

"ஓ, அதான் அன்னிக்கு அதை ரெண்டு தடவை துவைக்க வேண்டியதாப் போச்சா" என்றாள்.