டேர்பன் தாண்டி

"குளிர் இஞ்சையே கிடக்கு றிச்சர்ட். அதைப் பாக்க அலாஸ்காவுக்குப் போகவேணுமே? அம்மாவுக்கு ஆபிரிக்காக் கரைதான் வேணுமாம்."

அருள்நாயகம் சொல்லிவிட்டுக் கம்பளித் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

வெக்ஸ்போர்ட்டில் பலசரக்குக் கடைக்கும் நகைக்கடைக்கும் நடுவே இருந்த அந்தப் பயண அலுவலகத்தில் சனிக்கிழமைக் கூட்டம் இன்னும் சேரவில்லை. பெற்றோரின் நாற்பதாவது கலியாண நாளுக்கு ஒரு கப்பல் பயணம் பரிசளிப்பதென்று றிச்சர்ட் முடிவு செய்திருந்தான். மிசிசாகாவிலிருந்து காலையிலேயே வெளிக்கிட்டு வந்து இருவரையும் காரில் ஏற்றிக்கொண்டு வந்திருந்தான். எங்கே போவது என்பதில் இப்படி ஒரே பிடியாக நிற்பார்கள் என்று அவன் நினைக்கவில்லை.

அலுவலகத்தை நடத்தும் துர்க்கா பொறுமைசாலி. கரீபியன் தீவுகள், கிரேக்கம் என்று ஒவ்வொன்றாகக் கணினித் திரையைத் திருப்பிக் காட்டினாள். அவன் தாய் ஜோசப்பின் எல்லாவற்றையும் பார்த்து "வடிவாயிருக்கு பிள்ளை" என்றார். பிறகு, கேப் டவுனிலிருந்து டேர்பன் வரை போய்த் திரும்பும் கப்பலைப் பற்றியே மறுபடியும் விசாரித்தார்.

றிச்சர்டுக்கு அந்தக் கரை புதிதல்ல. ஒவ்வொரு நத்தார்ப் பண்டிகைக்கும் வீட்டில் சொல்லப்படும் கதை அது. சண்டை தொடங்கியபின் மன்னாரை விட்டுப் புறப்பட்டு, பம்பாயில் ஒரு சரக்குக் கப்பலில் களவாக ஏறியது, முப்பது பேருக்கு மேலே அடித்தட்டில் புண்ணாக்கு மூட்டைகளுக்கு இடையில் ஒளிந்திருந்தது, ஆபிரிக்காவைச் சுற்றிப் போய் ஜெர்மனியில் இறங்கியது, அங்கிருந்து கனடா. அந்தக் கதையில் அவனுக்கும் ஓரிடம் உண்டு. யாருக்கும் தொந்தரவு கொடுக்காமல் வந்த கைக்குழந்தை அவன்தான்.

"அந்த இருட்டுக்குள்ளை பட்டது காணாதே?" என்றான் அவன். "திரும்பவும் ஏன் அதைப் பாக்கப் போறியள்?"

ஜோசப்பினுக்கு இருட்டு ஞாபகமே இல்லைப் போலிருந்தது. அவர் துர்க்காவிடம் வேறு கதை சொல்லத் தொடங்கினார். பெண்கள் சேர்ந்து ஒரு மூலையில் இரண்டு சேலைகளைக் கட்டி மறைப்புச் செய்தார்களாம். ஒளிந்திருந்தவர்களைக் கப்பலின் பிலிப்பைன்ஸ் சமையல்காரன் கண்டுபிடித்துவிட்டானாம். ஆனால் அவன் கப்டனிடம் போகவில்லை. ஒரு வாளி சுடுதண்ணீரோடும் ஒரு பால் டின்னோடும் திரும்பி வந்தானாம். இரண்டு நாள் கழித்து, விடியும் நேரத்தில், அவரையும் அருள்நாயகத்தையும் மேல்தட்டுக்குக் கூட்டிப்போய்க் கால்மணி நேரம் நிற்க விட்டானாம். தூரத்தில் நீலக் கோடு மாதிரி ஒரு கரை தெரிந்ததாம்.

"அந்தக் காத்து இப்பவும் முகத்திலை படுற மாதிரி இருக்கு" என்றார் ஜோசப்பின்.

அருள்நாயகம் மனைவியைத் திரும்பிப் பார்த்தார். "அண்டைக்கு இவ சிரிச்ச மாதிரி அதுக்குப் பிறகு நான் காணேல்லை."

துர்க்கா சிரித்தபடி பயண அட்டவணையைத் திறந்தாள். பால்கனி உள்ள அறை வேண்டுமா, சாப்பாட்டில் மாட்டிறைச்சி விலக்கா என்று கேட்டாள். ஜோசப்பினுக்கு அதிலெல்லாம் அக்கறை இல்லை. அவருக்குத் தெரியவேண்டியிருந்தது ஒன்றுதான். டேர்பனை விட்டு வெளிக்கிட்ட அடுத்தநாள் விடிய, கப்பல் எவ்விடத்தில் நிற்கும்?

"அண்டைக்கு முழுக்கக் கடல்தான் அன்ரி. ஒரு துறைமுகமும் இல்லை. பாக்கிறதுக்கு அங்கை ஒண்டும் இல்லை, வெறும் தண்ணி."

"ஓம் பிள்ளை. அவடம்தான்."

துர்க்கா குறித்துக்கொண்டாள். ஜோசப்பின் கைப்பையை இறுகப் பிடித்தபடி சற்று முன்னால் சாய்ந்தார்.

"மேல்தட்டிலை ஒரு மெழுகுதிரி கொளுத்த விடுவினமோ?"

கப்பலில் நெருப்புக்கு அனுமதி இல்லை என்று துர்க்கா மெதுவாகச் சொன்னாள்.

"அப்ப, கடலுக்குள்ளை கொஞ்சம் பூ எண்டாலும் போடலாமோ?"

துர்க்காவின் கை விசைப்பலகையில் அப்படியே நின்றது. அவள் றிச்சர்டைப் பார்த்தாள். றிச்சர்ட் தகப்பனைப் பார்த்தான். அவர் தொப்பியின் விளிம்பைத் தடவிக்கொண்டிருந்தார்.

அந்தக் கதையை றிச்சர்ட் எத்தனை தரம் கேட்டிருப்பான். எத்தனை பேர் ஏறினார்கள் என்று கதையில் வரும். எத்தனை பேர் இறங்கினார்கள் என்று ஒருநாளும் வந்ததில்லை. அவனும் கேட்டதில்லை. நத்தார் இரவுகளில் அந்தக் கதை எப்போதும் டேர்பனுக்குப் பக்கத்தில் கொஞ்ச நேரம் தங்கி நின்றுவிட்டுத்தான் நகரும் என்பது இப்போதுதான் அவனுக்கு உறைத்தது. அம்மா எழும்பித் தேத்தண்ணி போடப் போவதும் அந்த இடத்தில்தான்.

கதிரையை அம்மாவின் பக்கமாக இழுத்துப்போட்டான்.

"ஆரம்மா அங்கை செத்தது?" என்று கேட்டான். "எனக்கு முன்னம் ஒரு பிள்ளை இருந்ததோ?"

ஜோசப்பின் கணவரைப் பார்த்தார். "இனி ஆர் வந்து என்ன செய்யிறது? சொல்லும்" என்றார் அருள்நாயகம்.

ஜோசப்பின் மகனின் கையை எடுத்துத் தன் இரண்டு கைகளுக்குள்ளும் பொத்திக்கொண்டார்.

"ஒருத்தரும் சாகேல்லை அப்பன், இது மாதாவுக்கு வைச்ச நேர்த்திக்கடன். பேப்பரிலை நீ பிறந்த இடம் மன்னார் எண்டு எழுதிப்போட்டம். உண்மை தெரிஞ்சால் உன்னைத் திருப்பி அனுப்பிப்போடுவாங்கள் எண்ட பயத்திலை முப்பத்தெட்டு வருசம் வாய் திறக்கேல்லை. கப்பலிலை ஏறேக்கை நீ என்ரை கையிலை இல்லை, வயித்திலைதான் இருந்தனீ."