கம்ராவின் காகிதம்

"காகிதத்தைக் குடு, வேண்டாங்கலை. பேரு எதுக்கு அண்ணே? பேரைப் போட்டா நான் இந்தத் தீவுல தலை காட்ட முடியாது, சொல்லிட்டேன்!"

நஜாத்தின் குரல் அருங்காட்சியகத்தின் கல் வளைவுகளில் மோதித் திரும்பியது. வெளியே கால்விலங்குகளைப் பார்த்துக்கொண்டிருந்த இரண்டு பேர் அலுவலக அறைப் பக்கம் எட்டிப் பார்த்தார்கள்.

தாயிப் தங்கையைப் பார்த்து உட்காரச் சொல்லிக் கை காட்டினார். அவருக்கு அறுபத்தைந்து வயது. துனிசியாவின் ஜெர்பா தீவைச் சுற்றிய கடலில் நாற்பது வருடம் படகு ஓட்டிக் கறுத்த முகம். காலையில் முதலில் அருங்காட்சியகத்தைச் சுற்றி வந்தார். பாலைவனம் வழியாக அடிமைகளை நடத்தி வந்த பாதையின் வரைபடத்தைப் பார்த்தார். விலங்குகளைப் பார்த்தார். விடுதலைச் சட்டத்தின் நகலை இரண்டு முறை படித்தார். அதன் பிறகுதான் இந்த அறைக்கு வந்து, சட்டைப் பையிலிருந்து ஓர் உறையை எடுத்து மேசைமேல் வைத்தார்.

மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவள் வஸீலா. இங்கே காப்பாளர் வேலைக்கு வந்து ஆறு வருடங்களில் இப்படி ஒன்று அவள் கைக்கு வந்ததில்லை. கையுறை மாட்டிக்கொண்டு காகிதத்தை விரித்தாள்.

"ஐயா, இந்தத் தீவுல எங்களுக்கு விலங்கு கிடைச்சிருக்கு, சங்கிலி கிடைச்சிருக்கு. விடுதலைப் பத்திரம் ஒண்ணுகூடக் கிடைக்கலை. இதுதான் முதல்!" என்றவள் மெல்ல வாசித்தாள். "'கம்ரா என்னும் பெண், வயது பத்தொன்பது, இன்று முதல் எவருடைய உடைமையும் அல்ல. விரும்பிய இடத்துக்குப் போகலாம்.' ஆயிரத்து எண்ணூத்தித் தொண்ணூறு, டிசம்பர். ரெண்டு சாட்சி. முத்திரைகூட அழியலை."

"நல்லா இருக்குல்ல? மாட்டிக்கோங்க. நாங்க கிளம்பறோம்," என்று நஜாத் கைப்பையை எடுத்தாள்.

"ஒரு நிமிஷம் அக்கா. கம்ரா உங்களுக்கு என்ன வேணும்?"

தாயிப் வாயைத் திறப்பதற்குள் நஜாத் முந்திக்கொண்டாள். "குடும்பத்துப் பொண்ணு. எங்க அப்பாவைத் தூக்கி வளர்த்தவ. போதுமா?"

வஸீலா படிவத்தை நீட்டினாள். தாயிப் முழுப் பெயரையும் எழுதிக் கையெழுத்துப் போட்டார். அவள் அதையும் பத்திரத்தையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"பத்திரத்துல இருக்கிற எசமானோட குடும்பப் பேரேதான் உங்க பேரும். அடிமை வம்சத்துல வந்த நம்மள்ல பாதிப் பேருக்கு அப்படித்தானே? அவங்க பேரைத்தான் நாம சுமக்கிறோம்."

தாயிப் நிமிர்ந்து அவளைப் பார்த்தார்.

"அடுத்த மாசம் என் பொண்ணுக்குக் கல்யாணம்," என்றாள் நஜாத், இந்த முறை தாழ்ந்த குரலில். "சம்பந்தி வீட்டு ஆளுங்க இங்க வந்து, சுவர்ல எங்க பேரைப் பார்த்தா என்ன நினைப்பாங்க?"

"பார்க்கட்டுமே," என்றார் தாயிப்.

"உனக்கென்ன, ரெண்டும் பையன். பொண்ணைப் பெத்தவ நான்ல வயித்துல நெருப்பைக் கட்டிக்கிட்டு நிக்கிறேன்."

வஸீலா தன் கழுத்திலிருந்த அடையாள அட்டையைத் திருப்பிக் காட்டினாள். வஸீலா அத்தீக் என்று இருந்தது. அத்தீக் என்றால் விடுவிக்கப்பட்டவர்.

"பள்ளிக்கூடத்துல இந்தப் பேரைச் சொல்லித்தான் என்னைக் கேலி பண்ணுவாங்க. அப்பா பேரை மாத்தலாம்னார். நான் மாட்டேன்னுட்டேன். நாம எதுக்கு அக்கா கூச்சப்படணும்? வித்தவன் தலை குனியட்டும், வாங்கினவன் தலை குனியட்டும்!"

நஜாத் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. "நான் கார்ல இருக்கேன்," என்று சொல்லிவிட்டு வேகமாக வெளியே போய்விட்டாள்.

"கோவிச்சுக்கிட்டாங்களோ?" என்று வஸீலா சங்கடப்பட்டாள்.

"கோவமில்லைம்மா. நீ வேலையைப் பாரு."

அவள் ஓர் அட்டையை எடுத்துப் பேனாவால் எழுதி, அவர் பக்கம் திருப்பி வைத்தாள். 'கம்ராவின் விடுதலைப் பத்திரம். அவர் குடும்பத்தார் வழங்கியது.'

தாயிப் அட்டையைத் தன் பக்கம் இழுத்துப் படித்தார்.

"ரெண்டாவது வரி தப்பும்மா."

"ஏன் ஐயா? குடும்பத்துப் பொண்ணுன்னு அக்காதானே சொன்னாங்க?"

"எங்க வீட்ல அப்படித்தான் சொல்லிப் பழக்கம். கம்ராவுக்குக் குடும்பம்னு ஒண்ணு இருந்ததே இல்லை. கல்யாணம்கூடப் பண்ணிவைக்கலை. இந்தப் பத்திரத்தை எழுதின எசமான் என் கொள்ளுத்தாத்தா."

வஸீலா பேனாவைக் கீழே வைத்தாள். "அப்போ... அவங்க கூடவே எடுத்துட்டுப் போயிருக்க வேண்டிய காகிதம் இது. எப்படி உங்க வீட்டுக்குத் திரும்பி வந்துச்சு?"

"திரும்பி வரலைம்மா. வீட்டை விட்டு வெளியே போகவே இல்லை. எழுதலைன்னா அபராதம்னு சர்க்கார் சொல்லிச்சு, எழுதினார். வீட்டுக்குக் கொண்டுவந்து பெட்டியில வெச்சுப் பூட்டிட்டார், கம்ராகிட்ட சொல்லவே இல்லை. அவருக்கப்புறம் சாவி தாத்தா கையில இருந்துச்சு. எழுபத்திரண்டு வயசுல எங்க அடுப்படியிலதான் கம்ரா செத்தா. ஒவ்வொரு பெருநாளுக்கும் தாத்தா முன்னால வந்து நின்னு, 'இந்த வருஷமாவது எனக்கு எழுதித் தருவீங்களா'ன்னு கேட்பாளாம். 'அடுத்த வருஷம் பார்க்கலாம்'னு அவர் சொல்லி அனுப்புவாராம்."