சார்ஜ் ஏறவில்லை

மண்சரிவில் மலைப்பாதை அடைபட்டு, வீடாகவே மாற்றிய பழைய டீசல் வேனில் மேபலும் கணவர் தேவசகாயமும் சிக்கிக்கொண்டார்கள். அவருக்கு மூச்சு கொடுத்த மெஷின் வேன் பேட்டரியில்தான் ஓடியது. அன்று பகலெல்லாம் வண்டி ஓட்டி வந்தும் அதில் சார்ஜ் ஏறவில்லை.

“சாவியைத் திருப்பினா பேட்டரி படம் போட்ட சிவப்பு லைட் எரியுதா?” என்று படுக்கையிலிருந்து கேட்டார்.

“இல்லங்க.”

“பல்பு போயிருச்சு. அது வழியாத்தான் சார்ஜ் ஏத்துற டைனமோவுக்குக் கரண்ட் போகணும்.”

டாஷ்போர்டிலிருந்தே வேறொரு பல்பைப் பிடுங்கி அந்த இடத்தில் மாட்டினாள். எரிந்தது. ஆனால் மெஷினும் ஓடினால் இன்ஜினைக் கிளப்பப் பேட்டரியில் தெம்பில்லை.

“மெஷினை நிறுத்திடு, மேபலு” என்று அவரே குழாயைக் கழற்றினார்.

நிறுத்திவிட்டுச் சாவியைத் திருகினாள். இன்ஜின் முக்கி முனகி ஒருவழியாகக் கிளம்பியது, சிவப்பு அணைந்தது.

“ஏறுதுங்க!” என்று பின்னால் ஓடி, மெஷினைப் போட்டு, குழாயை அவர் மூக்கில் வைத்தாள். கண்கள் மூடியிருந்தன. வேன் அதிர்ந்துகொண்டிருந்தது. அசைவது அவர் நெஞ்சா, வேனா என்று அவளுக்குத் தெரியவில்லை.