ராஜா படத்துக் கண்ணாடி

தேவிகுளம் பக்கத்தில் ஒரு எஸ்டேட் மியூசியம். அங்கே படங்களின் கண்ணாடியைத் துடைப்பது ரோசியின் வேலை. செப்புத் தகட்டில் செதுக்கி அச்சடித்த வெள்ளைக்கார ராஜாவின் படம் ஒன்று இருந்தது. காலையில் கதவைத் திறந்தால், ராஜாவின் வாய்க்கு நேராகக் காசு அளவுக்கு ஆவி படிந்திருக்கும். துடைத்தால் போகாது.

“ரோசியக்கா, ஒழுங்கா தொடைக்கலைன்னா வேற ஆளப் பாத்துக்குவேன்,” என்றார் மேனேஜர் ஜின்சன்.

“அது கண்ணாடிக்கு உள்ளாற இருக்கு சார். நான் எப்படித் தொடைக்க?”

சட்டத்தைக் கழற்றிப் பார்த்தார்கள். காகிதம் காய்ந்துதான் இருந்தது. ஜின்சன் படத்தைச் சரிபார்க்க எர்ணாகுளத்துக்கு அனுப்பிவிட்டார்.

மறுநாள் பக்கத்துப் படத்தில் ஆவி படிந்திருந்தது. அது பழைய பெரட்டுப் போட்டோ. அதில், விடியலில் பேர் கூப்பிட்டு வேலைக்கு அனுப்புவதற்காகப் பெண்கள் கூடையோடு வரிசையில் நிற்பார்கள். முதல் பெண் சட்டத்தை ஒட்டி நிற்பாள். வரிசையின் கடைசியில், பிந்தி வருகிறவர்களுக்கான காலி இடத்தில், ஆவி வாய் உயரத்தில் இருந்தது.

இருபத்தெட்டு வருஷம் தேயிலைக் கொழுந்து எடுத்த ரோசிக்கு வாய் சும்மா இருக்கவில்லை. கங்காணி சொல்வதைப் போலவே சொன்னாள்: “லேட்டா வந்தா பேர் கெடையாது. நாளைக்கு நேரத்தோட வா.”

சொன்ன பிறகுதான் யாரிடம் சொன்னோம் என்று யோசித்தாள்.

மறுநாள் அரைமணி முன்னதாகவே போய்க் கதவைத் திறந்தாள். கடைசி இடத்தில் ஆவி இல்லை. அது வரிசைக்கு முன்னால் வந்திருந்தது. முதல் பெண் ஒரு எட்டுப் பின்னால் நகர்ந்து அதற்கு இடம் விட்டிருந்தாள்.