பதினாலும் நீலம்

வேம்புலியம்மாளின் முந்தானை முடிச்சிலிருந்து சில்லறையோடு சேர்ந்து ஒரு வெள்ளை இறகும் கீழே விழுந்தது. ஓரத்தில் சாம்பல் தெளித்த இறகு. ஆவடி முழுக்கத் தேடினாலும் அப்படி இறகுள்ள சேவல் ஒன்றே ஒன்றுதான்.

அந்தச் சேவல் ஒன்றரை மாதத்துக்கு முன்னால், பொங்கலுக்கு முந்தின நாள், எட்மண்டின் கூண்டிலிருந்து காணாமல் போயிருந்தது.

"அண்ணாத்தே, பாத்தீங்களா! நா அப்பவே சொன்னேன்ல?" என்று துள்ளினான் உத்தமன். சேக்காட்டில் எட்மண்டுக்கு அடுத்த தெருக்காரன். போன தீபாவளிக்கு எட்மண்டிடம் கறிக்கென்று மூன்று கறுப்புக் கோழி வாங்கிப் போனவன், இப்போது தானும் அவரைப் போல ஆர்ப்பிங்டன் ஜாதிச் சீமைக்கோழி வளர்ப்பதாகச் சொல்லிக்கொண்டு திரிகிறான். துணி மூடிய கூடையோடு அந்த நிமிஷம்தான் உள்ளே வந்திருந்தான். "அன்னிக்கு இது கூடய மூடிகினு போச்சு. என் ரெண்டு கண்ணால பாத்தேன்."

அன்றைக்கு எட்மண்ட் அதை நம்பவில்லை. ஏழு வருஷமாகத் தன் கோழிக்கூண்டைக் கூட்டுகிற பொம்பளை. இன்றைக்கு இறகே வந்து விழுந்துவிட்டதே!

"இது எப்படி உன் முடிச்சுக்கு வந்துச்சு?" பூசைக்குப் போட்ட வெள்ளைச் சட்டையைக்கூட அவர் இன்னும் மாற்றவில்லை. கோபத்தில் கழுத்து நரம்பு புடைத்தது.

"செவுத்தாண்ட கெடந்துது நைனா. வெள்ளயன் ஞாபகமா முடிஞ்சு வச்சேன். என் கையால தீனி துன்னு வளந்தவன். அவன நான் அறுப்பனா?"

"பாவங்க, விட்டுருங்க. ஒரு கோழிதானே?" என்றாள் எட்மண்டின் மனைவி லூர்தம்மாள், சமையலறை ஜன்னலிலிருந்து.

"கோழிதானேவா!" என்று பாய்ந்தார் எட்மண்ட்.

அவர் பாய்ந்ததிலும் நியாயம் இருந்தது. ஆர்ப்பிங்டனில் எல்லாரும் கேட்பது நீல நிறம். நீலத்தோடு நீலத்தைச் சேர்த்தால் கறுப்பு, வெள்ளை, நீலம் மூன்றும் கலந்துகட்டிப் பொரிக்கும். அந்த வெள்ளைச் சேவலைக் கறுப்புக் கோழிகளோடு விட்டாலோ, பொரிப்பது அத்தனையும் நீலம். கலந்து பிறக்கிற வெள்ளைகளில் மூன்று வருஷமாகத் தேறி நின்றவன் வெள்ளையன் ஒருவன்தான். பாக்டரியில் நாளெல்லாம் லேத்தோடு மல்லுக்கட்டிவிட்டு வரும் மனுஷனுக்கு அவன்தான் உயிர்.

"மணி ஒம்பதரை. பத்துக்குள்ள சேவல என்ன பண்ணேன்னு சொல்லிரு. இல்லன்னா ஸ்டேஷன்தான்." எட்மண்ட் சைக்கிள் ஸ்டாண்டைத் தள்ளிவிட்டார்.

வேம்புலியம்மாளுக்கு அந்தத் தெருவில் ஐந்து வீட்டு வேலை. ஸ்டேஷன் வாசலில் அவளைப் பார்த்தார்கள் என்றால் போதும், நாளைக்கு ஒரு வீட்டிலும் கேட்டைத் திறக்க மாட்டார்கள்.

"சத்தியமா நான் எடுக்கல நைனா!"

"திருடுன எவ ஒத்துக்கினா?" என்றான் உத்தமன். "ஸ்டேஷனுக்கு நா வரேண்ணாத்தே. சாட்சி சொல்றேன். நீங்க மனசு ஒடஞ்சு போகாதீங்க. இத்தப் பாருங்க, உங்களுக்குக் காட்டத்தான் எட்த்தாந்தேன்."

கூடைத் துணியை விலக்கினான். ஒரு வாரக் குஞ்சுகள், பதினாலு. எல்லாமே சாம்பல் நீலம்.

எட்மண்ட் சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டுக் குனிந்தார். "பதினாலுமா நீலம்?"

"ஒண்ணுகூடக் கறுப்பு இல்ல. ஒண்ணுகூட வெள்ள இல்ல. பெங்களூர்லேந்து ஜோடி எட்த்தாந்தேன். அப்பனும் நீலம், ஆத்தாளும் நீலம். சுத்த ரத்தம்ணாத்தே! ஓசிதான், ரெண்டு நீங்க வச்சிக்கங்க."

எட்மண்டுக்கு அடிவயிறு எரிந்தது. ஏழு வருஷம் தலைகீழாக நின்றும் தன் நீல ஜோடிக்கு ஒரு தடவைகூட இப்படிப் பொரித்ததில்லை. நேற்று வந்த பயலுக்கு என்ன யோகம்! பொறாமையில் அவருக்கு வேறெதுவும் ஓடவில்லை.

"வாங்கண்ணாத்தே, ஸ்டேஷனுக்குப் போலாம். மணி ஆவுது" என்று அவசரப்படுத்தினான் உத்தமன்.

வேம்புலியம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு கூடை அருகே வந்து குந்தினாள். ஒவ்வொரு குஞ்சாகக் கையில் எடுத்துப் பார்த்தாள். பதினாலையும் பார்த்துவிட்டுத்தான் நிமிர்ந்தாள்.

"அப்பன் நீலமா தம்பி?"

"அதான் சொன்னேனே."

"ஆத்தாளும் நீலம்தானா?"

"எங்கம்மா மேல சத்தியமா! உனுக்கு இன்னா அதப்பத்தி? நீ மொதல்ல சேவலுக்குப் பதில் சொல்லு!"

அவள் எட்மண்டைப் பார்த்தாள்.

"நைனா, நம்ம நீல ஜோடிக்கு என்னிக்காச்சும் இப்டிப் பொரிச்சிக்குதா?"

எட்மண்ட் கூடையைப் பார்த்தார், உத்தமனைப் பார்த்தார். பிறகு நேராகப் போய்த் தெருக் கேட்டைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டார்.

"இன்னாண்ணாத்தே... கேட்ட ஏன் சாத்தறீங்க?" உத்தமன் ஓர் அடி பின்வாங்கினான்.

கையிலிருந்த குஞ்சைப் பதமாகக் கூடையில் விட்டுவிட்டு எழுந்து நின்றாள் வேம்புலியம்மாள்.

"வெள்ளயனுக்குக் காலைல தீனி வச்சியாடா?"