தேய்ந்த முகம்

ஓயோ நகரத்து மதிய வெயில் பட்டறையின் தகரக் கூரையைக் காய்ச்சுகிறது. சிற்பி அகின்லாபி அறுப்பு மிஷினை நிறுத்திவிட்டு, எதிரே சாய்த்து வைத்த போனில் வெளிநாட்டு வியாபாரிக்குப் புதுப் பொம்மைகளைக் காட்டுகிறான். அவனுக்குப் பின்னால் மனைவி மொரேனிகே, மகன் தாய்வோவோடு இரட்டையாகப் பிறந்து செத்துப்போன கெஹிந்தேவின் இடத்தில் வைத்து வளர்க்க, ஊர் வழக்கப்படி அன்று கணவன் செதுக்கிய மரப்பாவையை மடியில் கிடத்திக் குளிப்பாட்டுகிறாள். தினமும் கழுவிக் கழுவி மூக்கும் கன்னமும் மழுங்கிவிட்டன. காலையில் ஊட்டிய காராமணி உதட்டோரம் காய்ந்திருக்கிறது. அதை நகத்தால் மெல்லச் சுரண்டுகிறாள்.

"பின்னால அந்தம்மா மடியில இருக்கே, அந்தப் பழைய முகம்தான் வேணும்," என்கிறது போன். "அதே மாதிரி பத்து கிடைக்குமா?"

அகின்லாபி திரும்பிப் பார்க்கவில்லை. "கிடைக்கும் சார். உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சா அப்படியே வந்துடும்."

மொரேனிகேயின் விரல் பாவையின் கன்னத்திலேயே நிற்கிறது. பிறகு ஈரத்தை ஒற்றியெடுத்து, பாவையை முதுகில் வைத்துத் துணியால் இறுக்கிக் கட்டிக்கொண்டு எழுகிறாள். குளிப்பாட்டிய தண்ணீரை வாசலில் கொட்டுகிறாள். போனில் இன்னும் வெளிச்சம் இருக்கிறது.

"பத்தும் செய்ங்க, தாய்வோ அப்பா. வாய் மட்டும் செதுக்காதீங்க. அதுங்களுக்கெல்லாம் யாரு ஊட்டுறது."